நவாபின் நெற்றி

இங்கிலாந்து
18-3-1935

என் புஷ்பவல்லிக்குப் பரந்தாமன் எழுதுவது. நானும் என் நான்கு குதிரைகளும் குறையொன்றும் இல்லாமல் கரை சேர்ந்தோம். நீ, குழந்தை வசந்தா, நைனா, அம்மா எல்லோரும் சுகந்தானே? கப்பலில் இதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

லண்டனுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு கிராமத்தில் லாயம் பிடித்திருக்கிறார்கள். ஜூன் கடைசியில் லண்டனில் போட்டி. கிண்டியில் நடக்கிற மாதிரி ஓட்டப் பந்தயம் இல்லை இது. சுவர், வேலி, தண்ணீர்ப் பள்ளம் என்று வரிசையாகத் தடை வைத்திருப்பார்கள். குதிரை ஒன்றையும் தட்டாமல் தாண்ட வேண்டும். தட்டினால் தப்புக் கணக்கு ஏறும். ஒரு தேசத்துக்கு மூன்று குதிரை, மூன்று பேர். மூவர் தப்பையும் கூட்டி, எந்த தேசத்துக்குக் குறைவோ அதற்குக் கோப்பை. பிரான்ஸ், இத்தாலி, அயர்லாந்து, பெல்ஜியம் எல்லாம் வருகின்றன. அவர்களுக்கு நடுவே 'இந்தியா' என்று ஒரு பலகையும் நிற்கப்போகிறது. பூந்தமல்லிப் பட்டாள லாயத்தில் மிருக வைத்தியனாகக் குதிரைக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தவனுக்கு இதெல்லாம் கனவு மாதிரி இருக்கிறது.

நம் பக்கம் சவாரி செய்கிறவர்கள் கேப்டன் துரை, ஒரு லெப்டினண்ட் துரை, மூன்றாவது ஆள் நம்மவர், குதிரைப் பட்டாளத்துப் பஞ்சாபி ரிசால்தார் சாகிப். அவருடைய குதிரை பிஜ்லி. வால் முதல் காது வரை கறுப்பு, தேடினாலும் ஒரு வெள்ளை மயிர் கிடைக்காது. நாலாவது குதிரை நவாப், உபரிக்காகக் கொண்டுவந்தது. அதுவும் கறுப்புதான், நெற்றியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. குதிரைக்காரன் நம் நூம்பல் முனியன். "சார், இந்த ஊர்ல சூரியனுக்கு லீவு உட்டுட்டாங்களா?" என்று தினமும் கேட்கிறான்.

லாயத்துச் சொந்தக்காரர் மகள் மிஸ் டோரா மிகவும் உதவி. குதிரை ஏறுவதில் மிஸ் டோரா ஆண்களுக்குச் சளைத்தவள் இல்லை. என் பெட்டியில் உன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "உங்கள் மனைவியின் கூந்தல் எப்படி இவ்வளவு கறுப்பு?" என்று கேட்டாள். அவளுக்கு வைக்கோல் நிறக் கூந்தல். நம் ஊர்ப் பெண்களின் பக்குவத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மிஸ் டோராவுக்கு ஒரே ஆச்சரியம்.

கேப்டன் துரைக்கு என்மேல் பிரியம். இதில் பெயர் எடுத்தால் எனக்குப் பின்னால் நன்மை உண்டு என்கிறார். நேரில் சொல்கிறேன். குழந்தைக்குப் பல் முளைத்ததா?

பரந்தாமன்

*

பூந்தமல்லி
14-4-1935

அன்பிற்குரிய தங்களுக்கு வணக்கத்துடன் புஷ்பவல்லி. இங்கே யாவரும் நலம், குழந்தையைத் தவிர. பயப்பட வேண்டாம், இப்போது நலம். அதனால்தான் பதில் தாமதம். அம்மை குத்தின இடம் வீங்கி ஜுரம் வந்து, அவள் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. பி.ஏ. வகுப்பில் உடல்நூல் படித்ததெல்லாம் குழந்தை ஒரு முறை வீறிட்டால் பறந்துபோகிறது. மூச்சு விடுகிறாளா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன். அத்தை என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்.

கீழ்ப்பல் இரண்டு முளைத்திருக்கின்றன.

தங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "அத்தினி எய்திகீறானே, வேளைக்குத் துண்றானா இல்லியான்னு ஒரு வார்த்தை எய்தலியே" என்று அத்தைக்குக் குறை. எனக்கு வேறு குறை. அந்தக் கடிதத்தில் வசந்தாவின் பெயர் வந்ததைவிட மிஸ் டோராவின் பெயர் அதிகம் வந்திருக்கிறது. அவளுக்கு என்ன வயது? கல்யாணம் ஆனவளா? தங்கள் பெட்டியில் உள்ள போட்டோ அவள் கண்ணில் படும்படி பெட்டி எங்கே திறந்திருந்தது? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பின்னால் நன்மை என்கிறீர்களே, என்ன நன்மை? நேரில் சொல்கிற விஷயத்தைக் கடிதத்தில் பாதி எழுதி நிறுத்தினால் இங்கே இருப்பவளுக்கு எப்படி இருக்கும்?

கம்பளிச் சட்டையைக் கழற்றாமல் இருங்கள். குதிரைகளின் சுகத்தைத் தவறாமல் எழுதுகிறீர்கள், தங்கள் சுகத்தையும் எழுதவும்.

புஷ்பவல்லி

*

இங்கிலாந்து
6-5-1935
(விமானத் தபாலில்)

புஷ்பாவுக்கு,

உன் கடிதம் வந்தது. ஜுரம் விட்டதில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம், பயிற்சி நன்றாக நடக்கிறது.

ஒரு காரியம். பஷீருதீன் பாய் கடையில் நல்ல மருதாணிப் பொடி ஒரு பை, அவுரிப் பொடி ஒரு பை வாங்கித் தனித்தனியாகத் தைத்து உடனே பார்சல் அனுப்பு. ஜூன் இருபதுக்குள் என் கையில் இருக்க வேண்டும். எதற்கு என்று கேட்காதே. நைனாவிடமும் அம்மாவிடமும் சொல்ல வேண்டாம். இங்கே வாங்க முடியாது, வாங்கினால் நாலு பேர் கேட்பார்கள்.

குழந்தைக்கு முத்தம்.

பரந்தாமன்

*

பூந்தமல்லி
19-5-1935

ஜானுவுக்கு உன் புஷ்பா.

வாணியம்பாடி வெயில் எப்படி இருக்கிறது? உன் மாமியார் முழங்கால் தேவலையா? நீ சுகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் நான் இல்லை.

ஜஹானாரா, நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து உன்னிடம் எதையும் மறைத்ததில்லை. கேள். முதல் கடிதத்தில் மிஸ் டோரா, மிஸ் டோரா. அவள் யார் என்று நான் கேட்டு எழுதினேன். அடுத்த கடிதத்தில் அந்தப் பெயரே இல்லை! கேட்டதற்குப் பதிலும் இல்லை. ஒரு மனுஷி திடீரென்று காணாமல் போய்விடுவாளா? அதுவும் விமானத் தபால். குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று கேட்கக் கப்பல் தபால் போதும். மருதாணிக்கும் அவுரிக்கும் விமானம் பறந்து வருகிறது.

வைக்கோல் கூந்தல்காரி என் கூந்தலின் கறுப்பைக் கேட்டாளாம். இவர் பக்குவம் சொன்னாராம். இப்போது பக்குவத்துக்கு வேண்டிய பொடி. யாரிடமும் சொல்லாதே என்று உத்தரவு வேறு. என் தலையைப் பார்த்து அங்கே இன்னொரு தலை தயாராகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் உண்டா, நீயே சொல்.

இன்று, அவர் எழுதியபடியே, உன் அத்தா கடைக்குப் போனேன். பாய் பொடியை நிறுத்துக்கொண்டே, "இன்னாம்மா, மருதாணியும் அவுரியும் ஜோடியா வாங்கிக்கினு போறே? ரெண்டு பேர்தான் இப்படி வாங்குவான். நரைச்ச மாப்ள ஒருத்தன். சுழி கெட்ட குதிரைய விக்கிற தரகன் ஒருத்தன், வெள்ளை மச்சத்த மறைக்க. உன் ஊட்டுக்காரரு எதுல சேத்தி?" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. எப்படிப் போடுவது என்று கேட்டேன். "முதல்ல மருதாணி. களுவிட்டு அப்பால அவுரி, அதுதான் கருப்பாக்கும். அவுரி மட்டும் உட்டுப்போச்சுன்னா, யம்மாடி, குரங்கு மூஞ்சியாட்டம் செவந்துடும்!"

அது மட்டும் நன்றாகக் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து, பாய் சணலால் தைத்துக் கொடுத்த பையைப் பிரித்து, அவுரிப் பொடியை ஒரு டப்பாவில் கொட்டி ஒளித்தேன். அந்தப் பையிலும் வீட்டில் இருந்த மருதாணிப் பொடியையே நிரப்பினேன். இரண்டும் பச்சைப் பொடிதானே, பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பை மேல் 'மருதாணி', 'அவுரி' என்று அழகாக எழுதித் தைத்துவிட்டேன். நாளை தபாலாபீஸ்.

நான் செய்வது சரியா என்று கேட்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தைத்தேன், அது வேறு என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரித்தது. ஆனாலும் தையல் கோணவில்லை.

உன் புஷ்பா

*

பூந்தமல்லி
20-5-1935

அன்பிற்குரிய தங்களுக்கு வணக்கம். குழந்தையும் பெரியவர்களும் சுகம்.

கேட்ட பொருள் இத்துடன் பார்சலில் வருகிறது. பெயரைப் பார்த்து வரிசைப்படி உபயோகிக்கவும். எதற்கு என்று நான் கேட்கவில்லை. யாருக்கு என்றும் கேட்கவில்லை. மிஸ் டோரா சுகமா?

புஷ்பவல்லி

*

வாணியம்பாடி
26-5-1935

அடி புஷ்பா,

உனக்கு என் சலாம், உன் புத்திக்கு ஆயிரம் சலாம். நாங்கள் சுகம். மாமியார் முழங்கால் சண்டை போடுகிறபோது மட்டும் நன்றாக வேலை செய்கிறது.

நீ செய்த காரியத்தைப் படித்துச் சிரித்துச் சிரித்து அழுகை வந்துவிட்டது. ஆனால் ஒன்று யோசித்தாயா? வெள்ளைக்காரிகளில் பாதிப் பேருக்குத் தலை சிவப்புதானாம், அங்கே அதுதான் அழகாம்! நீ தண்டனை அனுப்பினாயா, சீர் அனுப்பினாயா?

சிரித்து முடித்ததும் ஒரு பயம் வந்தது. பரந்தாமன் அண்ணன் அப்படிப்பட்டவராக எனக்குத் தோன்றவில்லை. உன் பெண்ணைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை வருவாரே, என்னைப் பார்த்தால் குதிரைக்கு வந்த கழிச்சலைப் பற்றித்தானே பேசுவார்? வேறு பெண்ணிடமும் அதைத்தான் பேசியிருப்பார்.

இன்னொன்று. அத்தா கடைப் பையில் கடையின் பெயர் அச்சடித்திருக்குமே, அதோடேயா அனுப்பினாய்? நாளைக்கு ஏதாவது ஆனால் பழி எங்கே வந்து நிற்கும்? பார்சல் போகாமல் இருந்தால் நிறுத்து.

ஜஹானாரா

*

பூந்தமல்லி
3-7-1935

அன்பிற்குரிய தங்களுக்கு,

பார்சல் போய் இத்தனை நாளாகியும் தங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. சுகமா? குழந்தை பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

முந்தாநாள் மாமா கடைத்தெருவிலிருந்து பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். வாசலில் நின்று உரக்கப் படித்தார், தெருவே கூடிவிட்டது. லண்டன் குதிரைப் போட்டியில் இந்தியாவுக்கு இரண்டாம் இடம்! அயர்லாந்து மட்டுந்தான் மேலே. ஒரு தடையையும் தட்டாமல் முழுச்சுற்றும் தாண்டியது இந்திய ரிசால்தார் ஒருவர்தானாம். மாமா எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார். "எம்மவன் மருந்து போட்ட குருதடா" என்று வண்டிக்காரர்களிடம்கூடச் சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, கடைசி வரி வரும் வரை.

கடைசி வரி இது: 'ரிசால்தாரின் குதிரை ஹிந்து வழக்கப்படி நெற்றியில் செந்திலகம் இட்டு வந்து, பார்த்தவர் அனைவரையும் கவர்ந்தது.'

எந்த வழக்கம்? நம் தெருவில் எந்தக் குதிரைக்கு யார் திலகமிட்டார்கள்? நெற்றியில் வெள்ளை இருந்தால்தான் அங்கே சிவப்பு ஏறும். நெற்றியில் வெள்ளை உள்ளது நவாப் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். ரிசால்தாரின் குதிரை பிஜ்லி, அதற்கு ஒரு மயிர்கூட வெள்ளை கிடையாது என்றும் நீங்கள்தான் எழுதினீர்கள். அப்படியானால் ரிசால்தார் ஏறியது எது? பிஜ்லி எங்கே?

வெள்ளை மச்சத்தை மறைக்கக் குதிரைத் தரகர்கள்தான் மருதாணியும் அவுரியும் வாங்குவார்கள் என்று பாய் என்னிடம் சொன்னார். நான் வேறெதையோ நினைத்துக்கொண்டு நின்றேன்.

நவாபைப் பிஜ்லியாக்கப் பார்த்தீர்களா? மிருக வைத்தியர் என்ற பட்டத்தை வைத்துக்கொண்டு? மாட்டியிருந்தால் உங்கள் வேலை என்ன ஆகும், எங்கள் கதி என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்தீர்களா?

உண்மையை எழுதுங்கள். பாதி வேண்டாம்.

புஷ்பவல்லி

*

இங்கிலாந்து
30-6-1935

புஷ்பாவுக்கு,

நான் சுகம். நீ, குழந்தை, பெரியவர்கள் எல்லோரும் நன்றாக இருப்பீர்கள். இது கப்பலில் வருவதால் செய்தி உனக்கு முன்பே தெரிந்திருக்கும். இரண்டாம் இடம்! ரிசால்தார் சாகிப் இறங்கியதும் பிரெஞ்சு அதிகாரிகளே வந்து கை குலுக்கினார்கள். பலகையில் 'இந்தியா' என்று எழுதி எதிரே சைபர் போட்டபோது, அந்தச் சைபரைப் போல அழகான எழுத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த நாள் விடிந்த விதம் இருக்கிறதே! உன் பொடியை நவாபின் நெற்றிக்குத்தான் கேட்டேன். ஒரு காரணம் இருந்தது. முனியன்தான், "சார், நம்ம ஊர்ல தரகருங்க ஒரே ராவுல மச்சத்த முழுங்கிடுவாங்க சார்" என்று யோசனை சொன்னான். பார்சல் தாமதமாக, போட்டிக்கு முதல் நாள் ராத்திரிதான் வந்தது. முதலில் மருதாணி பூசினோம், சிவந்தது. அது நாங்கள் எதிர்பார்த்ததுதான். பிறகு அவுரி பூசிக் கழுவினால், ஐயோ, இன்னும் சிவப்பு! செம்பருத்திப்பூவை வைத்து ஒட்டினது மாதிரி. முனியன் பயத்திலும் சிரிக்கிறான்: "சார், மாரியாத்தா பொட்டு வெச்சிக்கினா மாதிரி கீது சார்!" கேப்டன் துரை வாயில் வந்ததெல்லாம் பேசினார். பக்கத்து லாயத்து அயர்லாந்துக் குதிரைக்காரர்கள் கூட்டம் கூடிவிட்டார்கள். மறைக்கப் பார்த்தது ஊருக்கே விளக்குப் போட்டுக் காட்டியது.

வேறு வழியில்லை. பிஜ்லி நொண்டுகிறது என்று நான் சான்று எழுதினேன். கமிட்டியார் அதைப் பார்த்துவிட்டு, பதிலுக்கு நவாபை நவாபாகவே இறக்கலாம் என்று அனுமதித்தார்கள். முன்பே கேட்டிருந்தால் முன்பே கிடைத்திருக்கும்! நெற்றியில் என்ன என்று கேட்ட பத்திரிகைக்காரர்களிடம் கேப்டன் துரை கண் இமைக்காமல், "இது இந்திய வழக்கம், மங்கள அடையாளம்" என்றார். பக்கத்தில் நின்ற ரிசால்தார் சாகிப் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவர் ஐந்து வேளை தொழுகிற முஸ்லிம்.

பஷீருதீன் பாய் நம்மை ஏமாற்றிவிட்டார். அவுரி என்று மருதாணியையே கட்டிக் கொடுத்திருக்கிறார். நைனாவுக்கும் எழுதிவிட்டேன், போய்க் கேட்கச் சொல்லி.

பரந்தாமன்

*

வாணியம்பாடி
27-7-1935

புஷ்பவல்லிக்கு,

நாங்கள் சுகம். அத்தா சுகமாக இல்லை.

உன் மாமனார் திருவேங்கடம் நாயகர் கடை வாசலில் நின்று, "அவுரின்னு மருதாணியக் கட்டி வித்தியே பாய், இத்தினி வருசமா ஊரை இப்படித்தான் ஏமாத்திக்கினு இருந்தியா?" என்று சத்தம் போட்டிருக்கிறார். அத்தா தராசைக் கீழே வைத்தாராம். "உங்க மருமவளுக்கு நான் கையால நிறுத்துக் குடுத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடையைப் பாதியில் சாத்திவிட்டாராம். அதற்குப் பிறகு நசரத்பேட்டையிலிருந்து வழக்கமாக வருகிற வைத்தியர்கூட வேறு கடைக்குப் போகிறாராம்.

நீ என்ன செய்தாய் என்பது எனக்கும் உனக்கும் மட்டுந்தான் தெரியும். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். நீ சொல்லுவாய் என்று காத்திருப்பேன். எவ்வளவு நாள் காத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஜஹானாரா

*

இங்கிலாந்து
29-7-1935
(விமானத் தபாலில்)

புஷ்பாவுக்கு,

நான் சுகம். இன்னும் சில நாளில் கப்பல். குழந்தை நிற்கிறாள் என்று படித்தேன், நடப்பதை நான் பார்க்க வேண்டும்.

பாதி வேண்டாம் என்றாய். முழுவதையும் கேள். ஏப்ரலில் கேப்டன் துரை பெல்ஜியம் அதிகாரிகளோடு பந்தயம் கட்டிப் பிஜ்லியைக் கல் ரோட்டில் தாண்டவிட்டார். முன்கால் தசைநார் போய்விட்டது. நொண்டுகிறது என்று நான் சான்று எழுதினால் எப்படி நொண்டியது என்ற கேள்வி வரும். அது மேலிடம் வரை போகும். அதனால் ஒன்றும் எழுதாதே, நவாபைப் பிஜ்லி என்று இறக்குவோம் என்றார். நான் ஒத்துக்கொண்டேன்.

ஏன் ஒத்துக்கொண்டேன்? லண்டன் மிருக வைத்தியக் கல்லூரியில் நாலு வருஷப் படிப்புக்குச் சிபாரிசு செய்கிறேன் என்றார். நன்மை என்று எழுதினேனே, அதுதான். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. நாலு வருஷம் என்றால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். கிடைத்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். சான்று எழுதிய அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது. துரை இப்போது என்னோடு பேசுவதில்லை.

மிஸ் டோரா சுகமா என்று கேட்டிருந்தாய். முன்பு நீ அத்தனை கேள்வி கேட்டதால்தான் பிறகு அவளைப் பற்றி எழுதவில்லை. அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம், மாப்பிள்ளை பாதிரியார்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. பார்சல் பைகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கடைப் பையில் போட்டிருந்த சணல் தையல் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதன் மேல் வேறு தையல். நெருக்கமான, ஒரே சீரான தையல். என் சட்டைகளில் பித்தான் தைத்திருக்கிற அதே கை. பாய் கொடுத்த பையை நீ பிரித்தாயா? எதற்கு?

பரந்தாமன்

*

பூந்தமல்லி
12-8-1935
(பம்பாய்த் துறைமுகத்தில் சேர்ப்பிக்க)

அன்பிற்குரிய தங்களுக்கு,

வழக்கமாகக் கேட்கிற சுகத்தை இந்த முறை கேட்கவில்லை. பம்பாயில் இறங்கி இதைப் படிக்கிறவர் சுகமாகத்தான் இருப்பார்.

பஷீருதீன் பாயைப் பற்றி இனி ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். அவர் கொடுத்த சரக்கு சரியான சரக்கு. ஜானுவின் கடிதம் கிடைத்த அன்றே மாமாவைக் கூட்டிக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். பொடி வீட்டில் என் கையில்தான் மாறிப்போனது என்று வாசலில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். மாமா தலையைக் குனிந்துகொண்டு, "பாய், மனசுல வெச்சிக்காத" என்றார். பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "குழந்த அழுவும்போது கை தடுமாறும்மா. போவட்டும்" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பை தைத்த அன்று குழந்தை அழவில்லை. வசந்தாவுக்கு ஒரு கற்கண்டு கொடுத்தார். அதை அவள் பிடுங்கித் தின்றபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அன்று சாயங்காலமே ஜானுவுக்கு எழுதினேன். அவளிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

பொடி கைத்தவறாக மாறிவிட்டது என்று ஊருக்குச் சொன்னேன். தங்களிடம் அப்படிச் சொல்லப்போவதில்லை.

ஆனால் தங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தாலும் ஒரு இடத்தில் மனசு நிற்கிறது. நாலு வருஷம் என்ற எண்ணத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு, குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று விசாரித்திருக்கிறீர்கள். படிப்பு கை நழுவிப் போனதா, நீங்களே கைவிட்டீர்களா? சான்றை எழுதினது குதிரைக்காகவா, வேறு வழியில்லாததாலா? உங்கள் எழுத்தில் அது இல்லை. எழுத்தில் இருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். உங்கள் முகத்தில் பார்க்க வேண்டும். அந்தப் படிப்பு போனதில் என் பங்கு எவ்வளவு என்பதையும் உங்கள் முகத்தில்தான் பார்க்க வேண்டும்.

வீட்டில் பேச முடியாது. அத்தை வாசலிலேயே ஆலாத்தித் தட்டோடு நிற்பார். மாமா தெருவையே கூட்டி வைத்திருப்பார், ரிசால்தார் தாண்டின கதை கேட்க. அதனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். அரக்கோணத்தில் மெயிலை விட்டு இறங்கி, பாசஞ்சரில் ஆவடிக்கு வாருங்கள். நான் குழந்தையோடு மாட்டு வண்டி கொண்டுவருகிறேன். வண்டிக்காரர் துலுக்கானத்துக்குக் காது சுத்தமாகக் கேட்காது. வேண்டுமென்றேதான் அவரை அமர்த்தியிருக்கிறேன்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை நாம் இருவருந்தான். முதலில் நீங்கள் சொல்லுங்கள். பாதி வழி வந்ததும் குழந்தையை உங்கள் மடியில் கொடுத்துவிட்டு நான் சொல்கிறேன். மடியில் குழந்தை இருந்தால் நீங்கள் கத்த மாட்டீர்கள்.

புஷ்பவல்லி